பழைய கணினியில் செயலி மாற்றம்

செயலி மாற்றம் அல்லது செயலி மேம்படுத்தல் என்பது, பயன்பாட்டிலுள்ள கணினி ஒன்றின் தாய்ப்பலகையை அப்படியே வைத்துக்கொண்டு, அதிலுள்ள மையச் செயலியை மட்டும் அகற்றி வேறொரு செயலியைப் பொருத்துவது ஆகும். மேசைக் கணினிகள் பலவற்றில் இது இயலும். மடிக்கணினிகளில் பெரும்பாலும் இயலாது. இயலும் கணினிகளிலும் விரும்பிய செயலி எதையும் பொருத்திவிட முடியாது. ஒவ்வொரு தாய்ப்பலகைக்கும் அது ஏற்கும் செயலிகளின் பட்டியல் உண்டு. பழைய கணினியில் செய்யக்கூடிய மேம்படுத்தல், பொதுவாக அப்பட்டியலின் அடிப்பகுதியில் உள்ள செயலியிலிருந்து மேற்பகுதியில் உள்ள ஒன்றுக்குச் செல்வதே ஆகும்.

பின்னணி

செயலியைப் பயனரே மாற்றலாம் என்ற எண்ணம் 1990களின் தொடக்கத்தில் பரவியது. இன்டெல் நிறுவனம் 486 வகைக் கணினிகளுக்காக ஓவர்டிரைவ் என்னும் பெயரில் மாற்றுச் செயலிகளை விற்றது. 486 பலகையிலேயே பொருந்தும் பென்டியம் ஓவர்டிரைவ் 1995-இல் வெளிவந்தது. பழைய பலகை 5 வோல்ட்டு மின்னழுத்தம் தரும், புதிய செயலிக்கோ அதனினும் குறைவாக வேண்டும் என்பதால், மின்னழுத்தச் சீராக்கியும் விசிறியும் அச்செயலியிலேயே இணைக்கப்பட்டிருந்தன. நெம்புகோலை உயர்த்தினால் செயலியை விசையின்றி எடுக்கக்கூடிய பொருத்துவாய்களும் அக்காலத்தில்தான் பொதுவாயின.

பின்னர் வந்த சாக்கெட் 7 பொருத்துவாய் இவ்வகையில் தாராளமானது. இன்டெல், ஏ.எம்.டி., சைரிக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் செயலிகளும் அதில் பொருந்தின. அத்தகைய பொதுவான பொருத்துவாய் அதற்குப் பின் வரவில்லை. இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் தனித்தனி வழிகளில் சென்றுவிட்டதால், இன்டெல் பலகையில் ஏ.எம்.டி. செயலியையோ, ஏ.எம்.டி. பலகையில் இன்டெல் செயலியையோ பொருத்த இயலாது.

செயலியைத் தொடாமலேயே மேம்படுத்தும் முயற்சி ஒன்றும் நடந்தது. 2010-இல் பென்டியம் ஜி6951 என்ற செயலியில், வேண்டுமென்றே முடக்கி வைக்கப்பட்ட திறன்களை 50 டாலர் விலையுள்ள அட்டை ஒன்றிலிருந்த குறியீட்டை உள்ளிட்டுத் திறக்கலாம் என்று இன்டெல் அறிவித்தது. காசு கொடுத்து வாங்கிய பொருளில் பூட்டு எதற்கு என்று எழுந்த கண்டனம் நியாயமானதே. அத்திட்டம் நீடிக்கவில்லை.

பொருந்த வேண்டியவை

முதலாவது பொருத்துவாய். சாக்கெட் என்று கடைகளில் வழங்குவது இதுவே. செயலியின் ஊசிகள் அல்லது தொடுபுள்ளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு பெரும்பாலானவை பெயரிடப்படுகின்றன. பென்டியம் 4 காலத்துப் பலகைகளில் சாக்கெட் 478, 2004-க்குப் பிந்தியவற்றில் எல்.ஜி.ஏ. 775, 2011-க்குப் பிந்தியவற்றில் எல்.ஜி.ஏ. 1155, 2013-க்குப் பிந்தியவற்றில் எல்.ஜி.ஏ. 1150 என இன்டெல் வரிசை செல்கிறது. எண் மாறினால் செயலி பொருந்தாது.

ஆனால் எண் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. பலரும் ஏமாறும் இடம் இதுவே. எல்.ஜி.ஏ. 775 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். பென்டியம் 4, பென்டியம் டி, 2006-இல் வந்த கோர் 2 டுவோ, அதற்கடுத்த கோர் 2 குவாட் ஆகிய அனைத்தும் அதே பொருத்துவாயில் உட்காரும். ஆயினும் 915 சில்லுத் தொகுதி கொண்ட பலகையில் கோர் 2 டுவோவை வைத்தால் கணினி உயிர்பெறாது. 945 வகைப் பலகைகளில் நிலைமை இன்னும் குழப்பமானது. ஒரே மாதிரிப் பெயர் கொண்ட பலகையின் முந்தைய பதிப்பு கோர் 2 செயலியை ஏற்காது, பிந்தைய பதிப்பு ஏற்கும். செயலிக்கு மின்னழுத்தம் வழங்கும் சுற்று இடையில் மாற்றப்பட்டதே இதற்குக் காரணம். இன்டெல் தயாரித்த பலகைகளில் ஏ.ஏ. என்ற எழுத்துகளுடன் தொடங்கும் எண் சிறிய ஒட்டுச்சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். பதிப்பை அறிய அந்த எண்ணையே பார்க்க வேண்டும். பிற நிறுவனங்களின் பலகைகளில் பதிப்பெண் ஓரத்தில் அச்சிடப்பட்டிருக்கும். விற்பவரின் உறுதிமொழியைவிடப் பலகையில் அச்சிட்ட எண் நம்பத்தக்கது.

பிற்காலத்திலும் இந்நிலை தொடர்ந்தது. 2015-இல் வந்த ஆறாம் தலைமுறைச் செயலிகளும் 2017 இறுதியில் வந்த எட்டாம் தலைமுறைச் செயலிகளும் எல்.ஜி.ஏ. 1151 பொருத்துவாயையே பயன்படுத்தின. எனினும் எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசைச் சில்லுத் தொகுதி கொண்ட புதிய பலகை தேவைப்பட்டது. இதற்கு மாறாக, ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 பொருத்துவாயில் 2017-இன் முதல் ரைசன் செயலிகளும் 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியும் பொருந்துகின்றன. 2017-இல் பலகை வாங்கியவர் பலர் ஐந்தாண்டுகள் கழித்து வந்த செயலியை அதில் பொருத்த முடிந்தது. பழைய கணினியை மேம்படுத்த விரும்புவோரில் நற்பேறு பெற்றவர்கள் இவர்களே எனலாம்.

இரண்டாவது, பயாசு எனப்படும் அடிப்படை மென்பொருள். பலகை விற்பனைக்கு வந்தபின் வெளிவந்த செயலியை அடையாளம் காணப் பயாசின் புதிய பதிப்பு வேண்டும். எடுத்துக்காட்டாக, 2007-இல் வந்த ஜி31 பலகை ஒன்று 2008 தொடக்கத்தில் வந்த கோர் 2 டுவோ இ8400 செயலியை ஏற்பதற்குப் பயாசு புதுப்பிப்பு தேவைப்படலாம். பழைய செயலி பொருத்தப்பட்டிருக்கும்போதே இதனைச் செய்துவிட வேண்டும். புதிய செயலியைப் பொருத்தியபின் திரையில் எதுவும் தோன்றாவிட்டால், புதுப்பிப்பதற்கு வழியிராது.

மூன்றாவது மின்திறனும் வெப்பமும். செயலியின் வெப்ப வடிவமைப்புத் திறன் வாட் அளவில் குறிக்கப்படுகிறது. 65 வாட் செயலியை எடுத்துவிட்டு வேறொரு 65 வாட் செயலியைப் பொருத்துவதில் இடர் குறைவு. அதே இடத்தில் தொடக்ககாலக் கோர் 2 குவாட் கியூ6600 செயலியைப் பொருத்தினால் அது 105 வாட் ஆகிறது. விலை குறைந்த பலகைகளின் மின்வழங்கு சுற்று இதனை நெடுநாள் தாங்குவதில்லை. மின்தேக்கிகள் உப்பி மேற்பகுதி குவிந்திருக்கும் பலகையில் எந்தச் செயலி மாற்றமும் வீண்செலவே.

ஒரு கணக்கு

2000களின் இறுதியில் தமிழ்நாட்டில் மிகுதியாகப் புழங்கிய அமைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜி31 சில்லுத் தொகுதிப் பலகை, பென்டியம் டூயல் கோர் இ2180 செயலி, சுழலும் வன்தட்டு. இச்செயலியின் கடிகார வேகம் 2 கிகாஎர்ட்சு, இடைமாற்று நினைவகம் 1 மெகாபைட்டு. இதற்குப் பதில் இ8400 பொருத்தினால் வேகம் 3 கிகாஎர்ட்சும் இடைமாற்று நினைவகம் 6 மெகாபைட்டும் ஆகின்றன. இரண்டுமே 65 வாட் செயலிகள்.

கடிகார வேகம் ஒன்றரை மடங்கானதால் கணினியும் ஒன்றரை மடங்கு விரைவாகும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அவ்வாறு ஆவதில்லை. ஒரு வேலை 100 நொடி எடுப்பதாகக் கொள்வோம். அதில் 40 நொடி செயலி கணக்கிடுகிறது, 60 நொடி வன்தட்டுக்காகக் காத்திருக்கிறது. செயலி ஒன்றரை மடங்கு விரைந்தால் 40 நொடி ஏறத்தாழ 27 ஆகும். காத்திருக்கும் 60 நொடி மாறாது. மொத்தம் 87 நொடி. செயலியைத் தொடாமல், ஐந்து மடங்கு விரைவாகத் தரவு தரும் திண்மநிலை வட்டை மட்டும் பொருத்தினால் 60 நொடி 12 ஆகி, மொத்தம் 52 நொடியாகக் குறையும். மாறாக, 100 நொடியில் 90 நொடியும் கணக்கீடாகவே உள்ள நிகழ்படக் குறியாக்கம் போன்ற வேலையில், செயலி மாற்றம் மட்டுமே அதனை 70 நொடிக்குக் கொண்டுவந்துவிடும்.

எனவே செயலியை மாற்றுவதற்குமுன், கணினி மந்தமாக இருக்கும் நேரத்தில் செயலியின் பயன்பாடு எத்தனை விழுக்காடு என்று பார்ப்பது முறை. விண்டோசில் பணி மேலாளரில் இது தெரியும். பயன்பாடு 100 விழுக்காட்டிலேயே நின்றால் குறை செயலியில் இருக்க வாய்ப்புண்டு. 20 அல்லது 30 விழுக்காட்டில் இருந்துகொண்டு வன்தட்டு விளக்கு மட்டும் இடைவிடாது எரிந்தால், குறை நினைவகத்திலோ வன்தட்டிலோ உள்ளது. ஜி31 பலகைகள் 4 கிகாபைட்டுக்கு மேல் நினைவகத்தை ஏற்கா என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். செயலி எவ்வளவு உயர்ந்ததாயினும் அந்த எல்லை அப்படியே இருக்கும்.

திருவண்ணாமலை போன்ற ஊர்களில்

கோயில் நகரான திருவண்ணாமலையில் பழைய கணினிகள் நெடுங்காலம் உழைத்த இடங்களுள் அச்சகங்களும் கணினி அச்சுக்கோப்புக் கடைகளும் முதன்மையானவை. கார்த்திகைத் தீபத்தையொட்டிய அறிவிப்புகள், அன்னதான அழைப்புகள், திருமண அழைப்பிதழ்கள் என ஆண்டு முழுதும் இக்கடைகளுக்கு வேலை உண்டு. தமிழ் அச்சுக்கோப்பு பெரும்பாலும் பேச்மேக்கர் மென்பொருளில் நடைபெற்றது. அதன் கடைசிப் பதிப்பான 7, 2001-இல் வெளிவந்தது. அது ஒருங்குறியை அறியாது. எனவே பாமினி போன்ற பழைய குறியேற்ற எழுத்துருக்களிலேயே கோப்புகள் சேர்ந்தன. சில எழுத்துரு மென்பொருள்கள் கணினியின் பின்புறத் துறையில் செருகும் வன்பூட்டு இருந்தால்தான் இயங்கின. புதிய தாய்ப்பலகைகள் பலவற்றில் அத்துறையே இல்லை.

இத்தகைய கடைக்காரருக்கு "புதுக் கணினி வாங்கிவிடுங்கள்" என்ற அறிவுரை எளிதில் உதவாது. கணினியோடு பல்லாண்டுக் கோப்புகளும், பழகிய விசைப்பலகை முறையும், வன்பூட்டும் சேர்ந்தே மாறவேண்டியிருக்கும். பலகையையும் விண்டோசு எக்சு.பி.யையும் வைத்துக்கொண்டு செயலியை மட்டும் உயர்த்துவது இங்கே பொருளுள்ள தீர்வாகிறது. எக்சு.பி.க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2014 ஏப்ரல் 8 அன்று நின்றுவிட்டதால், அத்தகைய கணினியை இணையத்தில் இணைக்காமல் அச்சுவேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. ஒற்றைக் கருவச் செயலியிலிருந்து இரட்டைக் கருவச் செயலிக்கு மாறும்போது, எக்சு.பி. சில வேளைகளில் இரண்டாம் கருவத்தைக் கண்டுகொள்வதில்லை. பணி மேலாளரில் செயலிக்கு இரண்டு வரைபடங்கள் தோன்றுகின்றனவா என்று பார்த்து இதனை அறியலாம். ஒன்று மட்டுமே தோன்றினால் இயங்குதளத்தை மீண்டும் நிறுவ வேண்டிவரும்.

பழைய செயலிகள் புதியவையாகக் கிடைப்பதில்லை. பயன்படுத்தியவற்றையே வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்குப் பெயர்பெற்ற இடம் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் அதனைச் சூழ்ந்த நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு முதலியனவும் ஆகும். திருவண்ணாமலையிலிருந்து சென்னை ஏறத்தாழ 190 கி.மீ. தொலைவில் உள்ளது. சென்று வரும் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் செயலியின் விலையை மிஞ்சிவிடுவதுண்டு. ஆகவே புறப்படும் முன்பே பலகையின் மாதிரிப் பெயர், பதிப்பெண், பயாசு பதிப்பு, இப்போதுள்ள செயலியின் பெயர் ஆகிய நான்கையும் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். செயலியின் மேலுறையில் எஸ் என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறியொன்று பொறிக்கப்பட்டிருக்கும். கியூ6600 செயலியிலேயே முந்தைய வகை 105 வாட், பிந்தைய வகை 95 வாட். இந்த வேறுபாட்டை அக்குறியைக் கொண்டே அறிய முடியும்.

இணையவழி விற்பனையில் வேறொரு பொருளும் மலிவாகக் கிடைக்கிறது. வழங்கிக் கணினிகளுக்காகச் செய்யப்பட்ட எல்.ஜி.ஏ. 771 வகை ஸியான் செயலிகளை, இரண்டு தொடுபுள்ளிகளை இடம்மாற்றும் ஒட்டுத்தாளுடன் எல்.ஜி.ஏ. 775 பலகையில் பொருத்தும் முறை 2013 அளவில் உலகெங்கும் பரவியது. இதற்குப் பொருத்துவாயின் நெகிழி முனைகளைக் கத்தியால் செதுக்க வேண்டும், பயாசும் அச்செயலியை அறிந்திருக்க வேண்டும். 3 கிகாஎர்ட்சு வேகமும் நான்கு கருவங்களும் கொண்ட ஸியான் இ5450 இம்முறையில் பலரால் பயன்படுத்தப்பட்டது. தயாரிப்பாளர் எவரும் இதனை ஏற்பதில்லை. வேறு கணினி இல்லாத மாணவர் தம் ஒரே கணினியில் இதனை முயல்வது அறிவுடைமையன்று.

மாற்றும் முறை

வெப்பம் இவ்வூரில் தனியே கருதத்தக்கது. சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் வெப்பம் 40 பாகை செல்சியசை ஒட்டிச் செல்கிறது. அறையின் வெப்பம் உயர்ந்த அளவுக்குச் செயலியின் வெப்பமும் உயரும். செயலிக்கும் வெப்பம் கடத்தும் உலோகக் கட்டைக்கும் இடையிலுள்ள பசை சில ஆண்டுகளில் காய்ந்து வெண்பொடியாகிவிடுகிறது. வெப்பம் எல்லை மீறும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எனவே "கணினி பழசாகி மெதுவாகிவிட்டது" என்று கருதப்படும் கணினிகள் சிலவற்றில் தூசியைத் தட்டிப் புதுப் பசை இட்டாலே பழைய வேகம் திரும்புகிறது. செயலிக்குச் செலவிடுமுன் இதனைச் செய்து பார்ப்பது நன்று.

சாக்கெட் 478 பலகைகளில் உலோகக் கட்டையை நேராக மேலே இழுத்தல் கூடாது. காய்ந்த பசையால் செயலி கட்டையோடு ஒட்டிக்கொண்டு, நெம்புகோல் பூட்டியிருக்கும்போதே பிய்த்துக்கொண்டு வந்துவிடும், ஊசிகளும் வளையும். கணினியைச் சில நிமிடம் இயக்கிச் சூடாக்கிவிட்டு, மின்சாரத்தைத் துண்டித்தபின், கட்டையை இடமும் வலமுமாக மெல்லத் திருப்பி விடுவிக்க வேண்டும். எல்.ஜி.ஏ. வகையில் ஊசிகள் பலகையில் உள்ளன. அவற்றின்மேல் விரலோ துணியோ படுவதே கேடு. செயலியின் ஓரத்திலுள்ள இரு பள்ளங்களைப் பொருத்துவாயின் முனைகளோடு ஒத்துவைத்து, அழுத்தாமல் கிடத்த வேண்டும். பசை ஒரு பயற்றங்காய் மணியளவு போதும். கொழகொழவென்று அப்பினால் வெப்பம் கடத்துவதற்கு மாறாகத் தடுக்கும்.

பயாசைப் புதுப்பிக்கும் இரண்டு மூன்று நிமிடத்தில் மின்சாரம் நின்றால் பலகை முடங்கிவிடும். 2012-ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு இருந்தது. அந்த நிலை நீங்கிவிட்டாலும், இடி மழைக்காலத்தில் நொடிப்பொழுது மின்தடை இன்றும் இயல்பே. மின்கலம் நல்ல நிலையிலுள்ள தடையில்லா மின்வழங்கி இல்லாமல் இவ்வேலையைத் தொடங்கக் கூடாது.

மென்பொருள் விதிக்கும் எல்லை

செயலியின் வேகம் போதுமானதாக இருந்தும், அது அறியாத கட்டளைகளால் கணினி பயனற்றுப்போவதுண்டு. பென்டியம் 4 செயலிகளில் நார்த்வுட் எனப்படும் வகையில், தரவுப் பகுதியிலிருந்து நிரல் இயங்காமல் தடுக்கும் காப்புத் திறன் இல்லை. 2012-இல் வந்த விண்டோசு 8 அத்திறனைக் கட்டாயமாக்கியதால் விண்டோசு 8-உம் 10-உம் அதில் இயங்கா. கூகுள் குரோம் உலாவி 2021-இல் பதிப்பு 89 முதல் எஸ்.எஸ்.இ.3 கட்டளைத் தொகுதியை வேண்டுகிறது. நார்த்வுட் அதனையும் அறியாது. லினக்சு உதவும் என்று எண்ணினால் அங்கும் 32 பிட் கணினிகளுக்கான வாயில் சுருங்கி வருகிறது. உபுண்டு 2017-இல் 32 பிட் மேசைப் பதிப்பை நிறுத்தியது. 2025 ஆகத்தில் வெளிவந்த டெபியன் 13, 32 பிட் இன்டெல் கணினிகளில் நிறுவும் வசதியைக் கைவிட்டது. சாக்கெட் 478-இல் கிடைக்கும் செயலிகளுள் இவ்வேலியைத் தாண்ட உதவுவது ஏறத்தாழ இல்லை. ஆதலால் இணையத்துக்காக அவ்வகைக் கணினியின் செயலியை மாற்றுவதில் பயனில்லை.

கோர் 2 செயலிகள் 64 பிட் ஆதலால் லினக்சில் இன்றும் இயங்குகின்றன. விண்டோசு 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோசு 11 முறைப்படி எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய இன்டெல் செயலியைக் கேட்கிறது. குறுக்குவழியில் நிறுவுவோருக்கும், 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு எஸ்.எஸ்.இ.4.2 கட்டளைகளைக் கட்டாயமாக்கியதால், கோர் 2 வரிசை முழுவதற்கும் கதவு அடைபட்டது. எல்.ஜி.ஏ. 775 பலகையில் எந்தச் செயலியைப் பொருத்தினாலும் இது மாறாது.

அரசு வழங்கிய மடிக்கணினிகள்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் வழியாக வாங்கப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாணவர்களுக்குச் சென்றன. திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர்களில் பல வீடுகளுக்கு வந்த முதல் கணினி இதுவே. "இதில் ஐ5 செயலி போட முடியுமா?" என்பது மாணவர்கள் கடைகளில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று.

ஆண்டுதோறும் தயாரிப்பாளரும் மாதிரியும் மாறியதால் எல்லாவற்றுக்கும் ஒரே விடை கூற இயலாது. அக்காலத்து மடிக்கணினிகள் சிலவற்றில் செயலி ஊசிகளுடன் பொருத்துவாயில் அமர்ந்திருந்தது. திருகாணி ஒன்றைத் திருப்பி அதனை எடுக்கலாம். மற்றவற்றில் செயலி பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. இன்டெல்லின் மடிக்கணினிச் செயலிகள் ஐந்தாம் தலைமுறை முதல், அதாவது 2015 முதல், பற்றவைக்கும் வகையில் மட்டுமே வருகின்றன. பொருத்துவாய் உள்ள மாதிரியிலும் வெப்பம் கடத்தும் குழாயும் விசிறியும் பழைய செயலியின் அளவுக்கே செய்யப்பட்டவை. நான்கு கருவச் செயலியின் வெப்பத்தை அவை தாங்கா.

இக்கணினிகளில் பயன் தரும் மாற்றம் வேறு இடத்தில் உள்ளது. முதலாண்டுக் கணினிகள் 2 கிகாபைட்டு நினைவகம், 320 கிகாபைட்டு வன்தட்டு, பாஸ் லினக்சு, விண்டோசு 7-இன் தொடக்கநிலைப் பதிப்பு ஆகியவற்றுடன் வந்தன. அந்த விண்டோசு பதிப்பு 2 கிகாபைட்டுக்கு மேல் நினைவகத்தைப் பயன்படுத்தாது. அதனால் கூடுதல் நினைவகம் வாங்கிப் பொருத்திய பின்னும் வேறுபாடு தெரியவில்லை என்று முறையிட்டோர் உண்டு. 64 பிட் லினக்சு ஒன்றை நிறுவினால் அதே நினைவகம் முழுமையாகப் பயன்படும். வன்தட்டின் இடத்தில் 2.5 அங்குலத் திண்மநிலை வட்டு அப்படியே பொருந்தும், அதற்கு ஒரு சிறு திருகாணி முடுக்கி போதும். பழைய வன்தட்டை வெளிப்பெட்டி ஒன்றில் இட்டுக் கோப்புகளைப் படியெடுத்துக்கொள்ளலாம்.